வெல்லாவெளி வழியில் இறங்கிய முள்

பயந்தாங்கொள்ளிகள் வெளிநாடு போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லாததால் நான் மட்டக்களப்புக்குப் போய்வந்தேன். விமானம் கிளம்பும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். அப்படிப்பட்டவனைக் கடல் தாண்டி இழுத்தது ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் ஆடிய முள்.

காத்தான்குடி ஜௌபர் எனக்குப் பழக்கமானது பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில். கோவையில் என் கொட்டகையில் நிற்பதும் அவரிடம் நிற்பதும் ஒரே வகைக் கார்: இங்கிலாந்தில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், கூரைக்குப் பதிலாக மடித்துவைக்கிற துணி, தரையோடு ஒட்டிய உடம்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கோழி அடைந்துகொண்டிருந்த காரை அவர் வாங்கிவந்தார். வளைகுடாவில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வேலைபார்த்த காலமெல்லாம், விடுமுறைக்கு வரும்போது ஒவ்வொரு பாகமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். இப்போது ஊரோடு துணிக்கடை வைத்திருக்கிறார். கார் ஓடத் தொடங்கியது போன வருடம்தான்.

ஓடியதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அந்த எஞ்சினின் முதுகெலும்பு கிராங்க் ஷாஃப்ட். அது தேய்ந்தால் பட்டறையில் அரைத்து மெலிதாக்கி, அதற்கேற்பத் தடித்த பெயரிங் போட்டு ஓட்டலாம். எத்தனை முறை அரைக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஜௌபரின் கிராங்க் அந்த எல்லையில் வந்து நிற்கிறது. இன்னொரு கீறல் விழுந்தால் அரைப்பதற்கு இரும்பு மிச்சமில்லை. வேறொன்று வாங்கலாமென்று நாங்கள் இரண்டு பேரும் தேடாத நாடில்லை, கிடைக்கவில்லை. ஆக, கீறல் விழாமல் காப்பது எண்ணெய் மட்டும்தான். அந்த எண்ணெய் ஒழுங்காக அழுத்தத்தோடு போகிறதா என்று சொல்வது டாஷ்போர்டில் இருக்கிற ஆயில் கேஜ்.

அந்த கேஜைப் படம்பிடித்துத் தினமும் எனக்கு அனுப்புவார். "அண்ணன், முள் இறங்குது. பயமாக் கிடக்கு" என்று ஒரு குரல் செய்தியும் கூடவே வரும். "ஒன்று நேரில் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அந்த போனைக் கிணற்றில் போடுங்கள்" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் கிணறு இல்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே முதல் கண்டம் வந்தது. சோதனை செய்யக்கூடிய சரியான கேஜ் ஒன்றையும் சுருட்டிய செம்புக் குழாயையும் வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். சுங்க அதிகாரிகள் இருவர் அதை வெளியே எடுத்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். என் பின்னால் நின்ற கொழும்புத் தமிழர் காதோரம் மொழிபெயர்த்தார்: "ஒருவர் இது என்ன வெடிக்கிற சாமானோ என்கிறார். மற்றவர், இந்த மனுசனைப் பார்த்தால் பட்டாசுக்கே காதைப் பொத்துவான் போலிருக்கு, விடு என்கிறார்." என்னை இவ்வளவு துல்லியமாக அளந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மட்டக்களப்பு ரயில் ஒரு காட்டுக்குள் நின்றது. ஜன்னலோரம் இருந்த சிங்களத் தாய் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். யானை கடக்கிறதாம், சத்தம் போட வேண்டாமாம் என்று எதிர் இருக்கைக்காரர் எனக்கு விளக்கினார். கோவையில் எங்கள் தடாகம் பக்கத்திலும் யானைகள் வரும். நான் அவற்றை மொட்டைமாடியில் நின்று, இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்பேன். ரயில் மறுபடி நகரும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

காத்தான்குடிப் பெருந்தெருவின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நின்றன. ஜௌபர் என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தார். அவருடைய மனைவி பரீதா கதவருகே நின்று, "அண்ணன் பயணம் வந்த களைப்பு, மொதல்ல உள்ளுக்க இரிக்க உடுங்க. கார் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். புட்டு, மீன் சொதி, மாசிச் சம்பல், கடைசியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்பான வட்டிலப்பம். நான் கைகழுவுவதற்குள் ஜௌபர் கொட்டகையின் விளக்கைப் போட்டுவிட்டார்.

அடர்பச்சை நிறம். தூசியில்லை. எங்கள் ஊர்ப் பட்டறைகளைப் போலவே கொட்டகை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. பாகங்களை அதில்தான் கழுவுவார்.

மறுநாள் காலை, நான் கொண்டுபோன கேஜை மாட்டினோம். ஜௌபர் தன் பெரிய சந்தேகத்தைக் கேட்டார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணினா அறுபதுல நிக்கிது அண்ணன். சந்தையடிக்குப் போய்ட்டு வந்தா இருபது. மறுகா அந்த நாப்பதும் எங்க போகுது?"

மறுகா என்றால் அங்கே பிறகு. சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது. முள் காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல. பெயரிங்குகளின் இடுக்கு வழியே நழுவப்பார்க்கிற எண்ணெயை அந்த இடுக்கு எவ்வளவு மறிக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது, லேசில் நழுவாது. அதனால் காலையில் முள் உச்சியில் நிற்கும், எஞ்சின் எப்படிப்பட்டதானாலும் புகழ்ந்து பேசும். அதை நம்பக் கூடாது. சூடேறிய பிறகு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வேகத்துக்குப் பத்துப் பவுண்ட் என்ற கணக்கில் காட்டினால் போதும். சும்மா நிற்கும்போது பதினைந்துக்கு இறங்குவதில் குற்றமில்லை.

"அப்ப எதுக்குத்தான் பயப்புடோணும்?"

"எண்ணுக்குப் பயப்படாதீங்க. அதே வேகம், அதே சூடு, ஆனா நேத்துக் காட்டினது இன்னைக்குக் காட்டலைன்னா அப்போ பயப்படுங்க."

இதை நான் பெரிய ஆள் மாதிரி சொன்னேன். கடற்கரைச் சாலையில் கல்லாறுவரை ஓட்டிப் பார்த்தோம். சூடான பிறகும் ஓட்டத்தில் நாற்பத்தைந்து, நிறுத்தத்தில் பதினெட்டு. தேய்ந்த கிராங்குக்கு இது ராஜ மரியாதை. பெரியகல்லாற்றில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மட்டும், "இதுக்குள்ள மனிசர் படுத்திட்டா ஓட்டுற?" என்று கேட்டார். ஜௌபர் அன்று முழுக்கச் சிரித்தபடியே இருந்தார்.

மூன்றாம் நாள் நீண்ட ஓட்டம் என்று முடிவானது. வாவி என்கிற உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், வெல்லாவெளியையும் தாண்டி, ஜௌபரோடு வளைகுடாவில் ஒரே அறையில் இருந்த யோகன் விவசாயம் செய்கிறார். அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. "புது ஆயில் மாத்திட்டுப் போனா நல்லது" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பரீதாவின் தம்பியோடு கடற்கரைக்குக் காற்றுவாங்கப் போய்விட்டேன். நான் திரும்பியபோது ஜௌபர் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

காலையில் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தேன். எண்ணெய் தேன் நிறத்தில், மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. தாராளமாக ஊற்றியிருக்கிறார், குறைவதைவிடக் கூடுவது நல்லது என்று நினைத்துத் திருப்தியாகத் துடைத்து உள்ளே விட்டேன். அளவுகோல் கூடுதல் காட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு என்பதை ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான் அப்போது யோசிக்கவில்லை.

குருமண்வெளியில் வாவியைக் கடக்கத் தட்டையான மிதவை. அதற்கு அங்கே பாதை என்றே பெயர். மோட்டார் சைக்கிள்கள், ஆட்டோ ஒன்று, மீன்கூடையோடு பெண்கள், நடுவில் எங்கள் கார். ஏறும்போது காரின் அடிவயிறு பலகையில் உரசிய சத்தத்தில் ஜௌபர் கண்ணை மூடிக்கொண்டார். நாலு பேர் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். "காருக்குள்ள ஆக்கள் இரிக்கேலா, இறங்குங்க" என்றார் பாதை ஓட்டுபவர். தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. மண்டூர்க் கரை வரும்வரை பக்கத்து ஆட்டோவின் கம்பியை விடவில்லை.

மண்டூரைத் தாண்டியதும் முள் நாற்பதில் நின்றது. நேற்று நாற்பத்தைந்து. புது எண்ணெய், வேறு கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வெல்லாவெளிச் சந்தியில் முப்பத்தைந்து. குண்டும் குழியுமான சாலை, மெதுவான ஓட்டம், அதனால் இருக்கும். ஜௌபர் சாலையைப் பார்த்து ஓட்டினார். முள்ளைப் பார்ப்பது என் வேலை.

"எப்படி அண்ணன்?"

"பரவாயில்லை."

அன்று நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒரு சொல்தான்.

யோகனின் வீடு வட்டையின் ஓரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வயல்வெளியை வட்டை என்கிறார்கள். அறுவடை முடிந்து வைக்கோல் கிடந்தது. இறால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், சட்டித் தயிர், மேலே ஊற்றப் பாணி என்கிற வெல்லப்பாகு. எருமைத் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது என்று யோகன் சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். சாப்பிட்டுக் கண்ணயர்ந்து, தேத்தண்ணி குடித்து, புது அரிசி ஒரு பை காரின் பின்பக்கம் ஏற்றி முடிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

"வெல்லாவெளி மட்டும் எங்கயும் நிக்காம போங்க" என்றார் யோகன். "பின்னேரத்தில தனியன் யானை ஒண்டு ரோட்டுக்கு இறங்குது. கூட்டமா வாறது பயமில்ல. தனியன்தான் கூடாது."

நான் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே முள் இருபத்தைந்து. பிறகு இருபது. இருபுறமும் புதர் மண்டிய பற்றைக்காடு, ஆளில்லாத வயல், ஒரு பக்கம் அறுந்து தொங்கிய மின்வேலி. பதினைந்து. ஓட்டத்திலேயே பதினைந்து என்றால் நிறுத்தினால் ஒன்றுமே இருக்காது. நேற்றைய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. பத்துக்கு இறங்கியதும் என் வாயை மீறி வந்தது.

"நிறுத்துங்க. உடனே ஆஃப் பண்ணுங்க."

எஞ்சின் அணைந்ததும் பூச்சிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அளவுகோலை உருவினேன். எண்ணெய் அதே உயரத்தில் நின்றது, மேல் கோட்டுக்கும் மேலே. விரலில் தேய்த்தால் வழவழப்பில்லை, தண்ணீராக வழிந்தது. முகர்ந்தேன். மண்ணெண்ணெய்.

"ஜௌபர், ஆயில் மாத்தினப்போ உள்ளே எதாவது ஊத்தினீங்களா?"

"கழுவினன் அண்ணன். பழைய ஆயில இறக்கிட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுகா இறக்கிட்டன். இஞ்ச வேனெல்லாம் அப்படித்தான் கழுவுற. நீங்க வந்திரிக்கிறீங்க, உள்ளுக்கும் சுத்தமா இரிக்கட்டும் எண்டு."

வீட்டுக்கு ஆள் வருகிறார்களென்றால் நிலைப்படிவரை கழுவிவிடுகிற ஊர் அது. நான் வந்த அன்று முற்றத்தின் ஈரம் காயாமல் இருந்ததைப் பார்த்தேன். அவர் எஞ்சினின் வயிற்றையும் கழுவிவிட்டார். வேனில் அது முழுக்க வடிந்துவிடும். இந்த வகைக் காரில் எண்ணெயைக் குளிரவைக்க முன்னால் தனியாக ஒரு கூலர் உண்டு. அதிலும் அதன் குழாய்களிலும் தேங்கினது இறங்காது. அங்கே நின்ற மண்ணெண்ணெயின் மேல் அவர் முழு அளவு புது எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அதனால்தான் கோட்டைத் தாண்டி நின்றது. நான் திருப்தியோடு பார்த்த அந்தக் கூடுதல் முழுக்க மண்ணெண்ணெய். மெலிந்த எண்ணெய் சூடேறச் சூடேறத் தண்ணீராகி, கிராங்குக்கும் பெயரிங்குக்கும் நடுவே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னேன். ஜௌபர் காரின் மூக்கில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப கிராங்க் போயிட்டா?"

"இன்னும் போகலை. தட்டுற சத்தம் வரலை. ஆனா இனிமே ஒரு அடி ஓட்டக் கூடாது."

யோகனுக்கு போன் போட்டார். டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுப்பதாகச் சொன்னார் யோகன். காத்திருக்க வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளில் ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். வேகத்தைக் குறைத்து, "இதில நிக்காதீங்க, இறங்கிற நேரம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். நான் காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். துணிக்கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். தலைக்கு மேலே வானம். கதவின் உயரம் என் முழங்கை அளவு. அதை உள்ளிருந்து பூட்டினேன். பயம் வந்தால் மனிதன் செய்கிற காரியங்களுக்குக் கணக்கில்லை.

பற்றை விலகியதை நான்தான் முதலில் பார்த்தேன். சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய உருவம் எப்படிச் சுள்ளி முறியாமல் வருகிறது என்று தெரியவில்லை. சாலையின் இடதுபுறம் பின்னால், ஒரு தென்னை நீளத் தூரத்தில் யானை நின்றது. தும்பிக்கை எங்கள் பக்கம் நீண்டு காற்றில் துழாவியது. பின்னால் இருந்தது புது அரிசி. தூக்கி வீசலாம் என்று மூளை சொன்னது, கை எழவில்லை.

ஜௌபர் வெளியே, தன் கதவருகில் நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் வயல் வரம்பு திறந்து கிடந்தது. யானையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். யானை இரண்டு எட்டு வைத்தது. காதுகள் விரிந்தன.

அவர் உள்ளே தாவிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்தது. முள் எழவில்லை. "பிரஷர் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கேஜின் பக்கம் திரும்பவேயில்லை. பின்னால் பிளிறல் கேட்டதும் காலை முழுக்க அழுத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியத்தால் அல்ல. கண் அந்த முள்ளை விட்டு வரவில்லை. பூஜ்யத்தில் கிடந்தது. சற்று நேரத்தில் கீழேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் எழுந்தது. சுத்தியலால் தட்டுகிற மாதிரி. வெல்லாவெளிச் சந்தியின் கடைவெளிச்சம் தெரியும்வரை அது நிற்கவில்லை. கடை வாசலில் ஜௌபர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, நான் உள்ளிருந்து பூட்டியிருந்த கதவைத் தானே திறந்துவிட்டார்.

யோகனின் டிராக்டர் பின்னாலேயே வந்துசேர்ந்தது. எங்களைப் பட்டிருப்புப் பாலம் வழியாக இழுத்துக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் காரின் கீழே அட்டையை விரித்துப் படுத்து, எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினோம். கிராங்கில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். பெயரிங் மூடியைக் கழற்றிவிட்டு, பளபளப்பான அந்த இரும்பின் மேல் நகத்தைக் குறுக்கே இழுக்க வேண்டும். வழுக்கினால் பிழைத்தோம். மாட்டினால் கதை முடிந்தது. ஜௌபர் விளக்கை என் பக்கம் திருப்பினார். "நீங்க பாருங்க அண்ணன்" என்றார்.

முதலாவதில் கண்ணாடிபோல வழுக்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வழுக்கியபோது அவர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. நாலாவதில் மாட்டியது. தூசியாக இருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் மாட்டியது.

அவர் கையை நீட்டித் தன் நகத்தையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து, எண்ணெய் தடவி, பழையபடி பொருத்தி, அளந்து முறுக்குகிற சாவியால் போல்ட்டுகளை இறுக்கத் தொடங்கினார். இனி ஓடாத எஞ்சினுக்கு எதற்கு இவ்வளவு கவனம் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"ஜௌபர், நேத்து நீங்க தனியா இருந்திருந்தா?"

"காரை விட்டுட்டு வரம்புல இறங்கி ஓடியிருப்பன்" என்றார். அடுத்த போல்ட்டுக்குச் சாவியை மாற்றினார். "எழும்புங்க அண்ணன். பரீதா சோறு போட்டுட்டா."

விருந்தாளி புறப்படும் நாளென்று சஹன் வைத்திருந்தார்கள். பலர் சுற்றி உட்கார்ந்து உண்கிற ஒரே பெரிய தட்டு அது. நானும் ஜௌபரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தேன். அவர் அது இதுவென்று கடைக்கதை பேசிக்கொண்டே, தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.